நானும் எக்செல் கற்றேன்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



‘கணினிப் பயிற்சியில் சாதனை’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். சாதனை ஒன்றும் இல்லீங்க. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பிள்ளையார்பாளையத்தில் வீடு. வீட்டுக்காரர் பட்டுச் சேலை நெய்கிறார். நான் தார் சுற்றுகிறேன். கோர்வைச் சேலை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டுக் கொடுப்பேன். 2008இல் எங்கள் குழு ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் ஊக்குநர், கணக்கு எழுதுவதும் நான்தான். போன வருஷம், 45 வயதில், எக்செல் கற்றுக்கொண்டேன். கற்றவுடன் முதலில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? நான் எழுதிய கணக்கில் இருந்த தப்பு. அதை மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நோட்டுக் காலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் நம் மாநிலத்தின் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் அது மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நாம் மனப்பாடமாகச் சொல்லும் பஞ்ச சூத்திரம் ஒன்று உண்டு. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, ஒழுங்கான உள்கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்குப் பதிவு. முதல் நான்கையும் 14 பேரும் சேர்ந்து செய்கிறோம். ஐந்தாவதை மட்டும் ஒரே ஒருத்தி ராத்திரி பத்து மணிக்கு மேலே, பிள்ளைகள் தூங்கின பிறகு, தனியாக உட்கார்ந்து செய்கிறாள். இங்கே இருக்கும் ஊக்குநர்கள் எல்லாம் தலையாட்டுகிறீர்கள், தெரியுது.

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, பொதுப் பேரேடு, அப்புறம் ஆளுக்கொரு பாஸ்புத்தகம். ஒரே தொகையை நான்கு இடத்தில் எழுத வேண்டும். ஒரு இடத்தில் கை தவறினால் கடைசியில் கூட்டுத்தொகை இடிக்கும். ஒரு தடவை 40 ரூபாய் இடித்தது. இரண்டு ராத்திரி தேடினேன். நாற்பது ரூபாயை என் கைக்காசில் போட்டு முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அது கணக்கு இல்லையே.

இன்னொரு வருஷம் ஆண்டு வரவு செலவு அறிக்கையை வெளியே கொடுத்து டைப் அடித்தோம். ஒரு உறுப்பினரின் சேமிப்பு 4,200 என்பது 2,400 என்று வந்துவிட்டது. அதைத் திருத்த மூன்று முறை நடந்தேன். நம் கணக்கைத் திருத்த நாமே ஒரு கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்போது ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கணக்கு இடிக்கிறதா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சம் இல்லாமல் வகுபட்டால், எங்கேயோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,200க்கும் 2,400க்கும் வித்தியாசம் 1,800. ஒன்பதால் சரியாக வகுபடும்.

நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கணினி இல்லாமல் இல்லை. துணி போர்த்தி வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடியும் போர்த்திவிடுவோம். தொட்டால் கெட்டுப்போகும் என்று பயம். பயத்தைத் தெளிய வைத்தது என் அண்ணன் மகள். பி.காம். படிக்கிற பெண். போன வருஷம் லீவுக்கு வந்தவளிடம், “அம்மாடி, இதுல கணக்கு போடலாமாமே, எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று கேட்டேன். “வாங்க அத்தை, இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்” என்றாள்.

முதல் நாள் திரையைத் திறந்தால் முழுக்க வெறும் கட்டம். மேலே ஏ, பி, சி என்று எழுத்து. இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண். இதில் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: “மாமா டிசைன் கிராஃப் தாள் வச்சிருப்பாரே, நீங்க பார்த்ததில்லையா அத்தை? அதேதான் இது.”

அவ்வளவுதான், எனக்குப் பிடிபட்டுவிட்டது. பாவு நெட்டுக்கு ஓடுகிறது. ஊடை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு கட்டம். நெட்டுக்கு ஓடுவதற்கு எழுத்துப் பெயர், குறுக்கே ஓடுவதற்கு எண் பெயர். பி என்ற நெட்டு வரிசையும் 7 என்ற குறுக்கு வரிசையும் சந்தித்தால் அந்தக் கட்டத்தின் பெயர் பி7. எட்டாவது படித்த எனக்குத் தெரியாது என்று நினைத்தது, கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். தமிழில் இதற்கு ‘விரிதாள்’ என்று பெயராம். விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

நம் தறிக்கும் கணினிக்கும் சொந்தமே உண்டு என்று அவள் சொன்னாள். நம் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியை பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற பட்டு நகரத்துக்காரர், ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், 1804 வாக்கில் செய்தார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. நம் வீட்டில் பேட்டையும் முந்தானையும் இப்படித்தானே விழுகிறது. இந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்கலாம் என்று திட்டம் போட்டார். 1890இல் அமெரிக்காவின் மக்கள் தொகைக் கணக்கையே ஓட்டை அட்டையில்தான் எண்ணினார்கள். அதனால் கணினியைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது நம்ம தறிக்குத் தூரத்து உறவு.

அந்தக் கட்டத் தாளைக் கணினிக்குள் கொண்டுவந்த கதையும் நம்ம கதை மாதிரியேதான் இருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்ற மாணவருக்கு, கரும்பலகையில் கட்டம் போட்டு வாத்தியார் போடும் கணக்கைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. ஒரு எண் மாறினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கிறதே, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறினால் என்ன என்று. அவரும் பாப் ஃபிராங்ஸ்டன் என்ற நண்பரும் சேர்ந்து 1979இல் விசிகால்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்செல் 1985இல் வந்தது. நாம் ராத்திரியில் ரப்பர் வைத்து அழித்த அதே தொல்லைதான் அங்கேயும் இருந்திருக்கிறது.

சரி, நான் கற்ற பாடத்துக்கு வருகிறேன். முதல் வரிசையில் தலைப்பு: பெயர், சேமிப்பு. இரண்டாம் வரிசையிலிருந்து பதினைந்தாம் வரிசை வரைக்கும் எங்கள் 14 பேர். ஆளுக்கு 200 ரூபாய். கீழே மொத்தம் போட வேண்டிய கட்டத்தில் முதலில் சமக்குறி. எந்தக் கணக்கானாலும் சமக்குறியில்தான் ஆரம்பிக்க வேண்டும், அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு ‘சம்’ என்ற ஆங்கிலச் சொல், அடைப்புக்குறிக்குள் பி2 முதல் பி15 வரை. என்டர் தட்டினால் 2,800 என்று வரும் என்றாள்.

எனக்கு 0 என்று வந்தது!

நான் நோட்டில் எழுதுகிற பழக்கத்தில் ஒவ்வொன்றையும் ‘200/-’ என்று கோடு போட்டு அடித்திருந்தேன். அதைக் கணினி எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தை அது கூட்டாது. பக்கத்தில் கோடு, புள்ளி, ‘ரூ.’ எதுவும் போடாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டேன். 2,800 வந்தது. பி7இல் இருந்த 200ஐ 300 ஆக்கினேன். நான் தொடாமலே கீழே 2,900 ஆனது. அந்த ஒரு நிமிஷம், இத்தனை வருஷமாக ராத்திரி கண்விழித்த என் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டு, “என்ன அத்தை, நூறு ரூபாய்க்கே அழறீங்க?” என்றாள்.

இதன் பிறகும் நிறைய விழுந்து எழுந்தேன். புதிதாகக் கற்கிறவர்களுக்குப் பயன்படும் என்று இரண்டு மூன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் ஒரு கட்டத்தில் பணத் தொகைக்குப் பதிலாக வேலி கட்டின மாதிரி ##### என்று வந்தது. பணம் போய்விட்டது என்று பதறிப்போனேன். எண் பெரிது, கட்டம் சின்னது, அவ்வளவுதான். மேலே எழுத்து இருக்கும் இடத்தில் ஓரக்கோட்டைப் பிடித்து அகலமாக இழுத்தால் தொகை தெரியும்.

ஆதார் எண்ணை அடித்தால் நடுவில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தோடு ஏதோ சுருக்கமாகக் காட்டும். முன்னால் சுழியம் இருக்கும் வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் அந்தச் சுழியத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களையே சுழியமாக்கிவிடும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்களுக்கு, முதலில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு அடியுங்கள். அடித்தபடியே நிற்கும்.

மூன்றாவதுதான் பெரிய விபத்து. பெயர்களை அகர வரிசையில் அடுக்கலாம் என்று பெயர் இருக்கும் நெட்டு வரிசையை மட்டும் பிடித்து அடுக்கிவிட்டேன். கணினி ஏதோ கேள்வி கேட்டது. படிக்காமலே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன். பெயர்கள் மட்டும் மேலும் கீழும் மாறின, பக்கத்தில் இருந்த தொகை அப்படியே நின்றது. ஒருத்தர் கடன் இன்னொருத்தர் தலையில்! அதையும் சேமித்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். உடனே பார்த்திருந்தால் கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டிருக்கலாம். மறுநாள் கை நோட்டோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. நோட்டு இருந்ததால் பிழைத்தேன். அடுக்குவதானால் தலைப்பிலிருந்து கடைசி வரை எல்லா வரிசையையும் சேர்த்துப் பிடித்து அடுக்க வேண்டும். கணினி வந்துவிட்டது என்று கை நோட்டை மட்டும் பரணில் போட்டுவிடாதீங்க.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

சேமிப்பு முடிந்தது, அடுத்து கடன் கணக்கு போட்டுப் பழகலாம் என்றாள் அண்ணன் மகள். 2021 அக்டோபரில் வங்கிக் கடன் வந்தபோது எங்கள் குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் எடுத்தார்கள். மாதம் 1,000 அசல், 20 மாதம். நவம்பரில் ஆரம்பித்து 2023 ஜூனில் முடிந்தது. முடிந்துபோன கணக்கு, ஒரு பைசா பாக்கியில்லை, பழகுவதற்கு நல்லது என்று நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன்.

ஏ வரிசையில் மாதம். பி வரிசையில் நிலுவை அசல். சி வரிசையில் வட்டி. டி வரிசையில் அந்த மாதம் கட்டிய அசல். பி2இல் 20,000. சி2இல் வட்டிக்கு: சமக்குறி, பி2ஐ 1ஆல் பெருக்கி 100ஆல் வகு. 200 வந்தது. டி2இல் 1,000. அடுத்த மாதம் பி3இல்: சமக்குறி, பி2 கழித்தல் டி2. 19,000 வந்தது. பிறகு கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். வட்டி வரிசையில் 200, 190, 180, 170 என்று படிக்கட்டு மாதிரி இறங்கி இருபதாவது மாதத்தில் 10 என்று நின்றது. மொத்தம் 2,100.

என் நோட்டில் வட்டி 4,000 என்று இருந்தது.

“கணக்கு தப்பா வருதும்மா, ஃபார்முலாவைப் பாரு” என்றேன். அவள் பார்த்தாள். “ஃபார்முலா சரியாத்தான் இருக்கு அத்தை. உங்க குழுவில வட்டி எப்படின்னு தீர்மானம் போட்டீங்க?” என்று கேட்டாள். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். ‘நிலுவை அசலுக்கு மாதம் 1 சதவீத வட்டி’ என்று இருக்கிறது. என் கையெழுத்து. கீழே 14 பேரின் கையெழுத்து.

நடந்தது இதுதான். 1,000 அசல், முதல் மாத வட்டி 200, சேர்த்து 1,200. ஞாபகம் வைக்க வசதியாக இருக்கிறது என்று அடுத்த மாதமும் 1,200 வாங்கினேன். அதற்கடுத்த மாதமும். இருபது மாதமும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதின கைதான், பேரேட்டில் அதை மறந்தது. கேட்கிறவர்களும் யாரும் இல்லை. ஆளுக்கு 1,900 ரூபாய் அதிகம். ஐந்து பேருக்கும் சேர்த்து 9,500. அந்தப் பணம் வெளியே எங்கேயும் போகவில்லை, குழுவின் வருமானத்தில்தான் சேர்ந்தது. ஆனால் வாங்கக் கூடாத பணம், வாங்கிவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த ஐந்து பேரில் ஒரு அக்கா இருக்கிறார். தனி ஆளாகக் குடும்பம் நடத்துகிறவர், தார் சுற்றும் கூலியில்தான் தவணை கட்டினார். 2023 ஜனவரி கூட்டம், பொங்கல் முடிந்த வாரம். அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணி ஊறி வேலை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அவர் 1,000 ரூபாய்தான் கொண்டு வந்தார். “200 அடுத்த வாரம் தர்றேன்” என்றார். நான் எல்லார் முன்னாலேயும், “பொங்கலுக்குப் புடவை எடுக்கத் தெரியுது, தவணைக்கு மட்டும் பாக்கி வைக்கத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த 200ஐ என் வீட்டு வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவார், கையெழுத்துப் போடுவார், என்னிடம் மட்டும் பேச மாட்டார்.

அன்றைக்கு அது பதினைந்தாவது தவணை. திரையில் அந்த வரிசையைப் பார்த்தேன். நிலுவை 6,000, வட்டி 60 ரூபாய். அதற்கு முந்தின 14 மாதத்தில் அவர் கட்டிய வட்டி 2,800, கட்ட வேண்டியது 1,890. அதாவது நான் 200 ரூபாய்க்கு அவரைப் பேசின அன்றைக்கு, குழுதான் அவருக்கு 910 ரூபாய் தர வேண்டியிருந்தது. அந்த மாத வட்டி 60ஐக் கழித்தாலும் 850.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “முடிஞ்ச கணக்கு, யாருக்குத் தெரியப்போவுது?” என்று முதலில் சொன்னவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: “நெசவுல ஒரு இழை அறுந்தா அப்படியே விட்டுட்டா நெய்யறோம்? பிடிச்சு முடி போட்டுட்டுத்தானே அடுத்த ஊடை?”

அடுத்த கூட்டத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்தேன். எல்லாரையும் கணினி முன்னால் உட்கார வைத்து, தீர்மானத்தைப் படித்து, கணக்கைக் காட்டினேன். தப்பு என்னுடையது, ஊக்குநர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருத்தர், “இப்போ எதுக்கு இதைக் கிளறணும், வேற குழுவுக்குத் தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்” என்றார். இன்னொருத்தர், “தெரியாம செஞ்சது, விடு” என்றார். அப்போது அந்த அக்கா எழுந்து வந்தார். “எனக்கு அந்தக் கணக்கைக் காட்டு” என்றார். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கி வந்தார். பதினைந்தாவது மாதத்தில் விரல் நின்றது. “தை மாசம்தானே இது?” என்றார். “ஆமாம் அக்கா” என்றேன். எல்லார் முன்னாலேயும் பேசினேன், அதனால் எல்லார் முன்னாலேயும் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதைப் படிக்க எனக்கும் சொல்லிக் குடு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கே தீர்மானம் போட்டோம். ஐந்து பேருக்கும் மாதம் 380 ரூபாய் வீதம் ஐந்து மாதத்தில் 1,900ஐயும் குழுவின் வட்டி வருமானத்திலிருந்து திருப்பித் தருவது. அது முடிந்துவிட்டது. என்னை விலக விடவில்லை, “நீ போயிட்டா அந்தப் பெட்டியை யார் பார்க்கிறது?” என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். இன்னும் இரண்டு பேர் எக்செல் கற்க வேண்டும், மாதாமாதம் கணக்கை அச்செடுத்துக் கூட்டத்தில் கையோடு கை மாற்ற வேண்டும், அவரவர் வரிசையை அவரவர் படித்த பிறகுதான் கையெழுத்து. கற்றுக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் அந்த அக்கா. இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கணினி நியாயம் பார்க்காது. ‘20,000க்கு 1 சதவீதம்’ என்று நான் ஃபார்முலா போட்டிருந்தால், இருபது மாதமும் 200, 200 என்று அழகாகப் போட்டுக் கொடுத்திருக்கும். தப்பான கணக்கு கோணல் எழுத்தில் இருந்தால் சந்தேகம் வரும். அச்சடித்து வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் அச்சடித்த தாள் என்றால் நம்பிவிடாதீங்க. ‘எதுக்கு வட்டி, முழு அசலுக்கா, நிலுவைக்கா?’ என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியை வெளியில் கடன் வாங்கும்போதும் கேளுங்கள். ‘ஒரு ரூபாய் வட்டிதான்’ என்பார்கள். 20,000 வாங்கி, முழு அசலுக்கும் ஒரு ரூபாய் வட்டி போட்டு, 20 மாதம் 1,200 கட்டினால், குறைகிற நிலுவைக்கு அது கிட்டத்தட்ட 1 ரூபாய் 80 பைசா வட்டி. எக்செலில் போட்டுப் பார்த்தோம். மாதாமாதம் ஒரே தொகை கட்டுவது தப்பில்லை. வங்கியில் அப்படித்தான் கட்டுகிறோம். ஆனால் நிலுவைக்கு மாதம் 1 சதவீத வட்டி என்றால், 20,000க்கு 20 மாதத்துக்கு வரும் சமத் தவணை சுமார் 1,108 ரூபாய்தான், 1,200 இல்லை. அதைக் கணக்கிட எக்செலில் பி.எம்.டி. என்று ஒரு ஃபார்முலாவே இருக்கிறது.

நம் மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 919, 921ஆம் வருஷங்களைச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்கு யார் யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்று அதில் விதி எழுதியிருக்கிறது. வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைப் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. 1,100 வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டுவது என்றால் நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பது மட்டும் இல்லை, கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி காட்டுவது. 16 வருஷம் நான் நோட்டை வைத்தேன். போன வருஷம்தான் காட்டினேன்.

கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டும் என்பது இல்லை; லிப்ரே ஆபீஸ் கால்க் என்று இலவசமாகவே இருக்கிறது, கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் அவற்றிலும் பெரும்பாலும் அதேபோலத்தான். முதலில் வீட்டு மளிகைச் செலவை, இல்லையென்றால் கூலி நோட்டைப் போட்டுப் பழகுங்கள். குழுக் கணக்கைப் பிறகு தொடுங்கள். அடிக்கடி சேமியுங்கள், நம்ம ஊர் கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது. ஒரு நகல் பென்டிரைவில் இருக்கட்டும். குழுவில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதாது, மூன்று பேருக்காவது தெரிய வேண்டும். நான் தப்புச் செய்தால் பிடிக்க ஆள் வேண்டுமே!

அலுவலகக் கணினிக்கு இப்போது துணி போர்த்துவதில்லை. வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம், அன்று ஒரு நாள் மட்டும் அதற்கு லீவு. மற்ற நாளில் வாருங்கள். நானும் இருப்பேன், அக்காவும் இருப்பார்.